வாகை மரத்தடி அம்மன்

நினைவு தெரிந்த நாளிலிருந்து பீற்றிஸ் ஒரு ஞாயிறு ஆராதனையைக்கூடத் தவறவிட்டதில்லை. அப்படிப்பட்டவள், காலையில் ஊரடங்கு விலகிய கையோடு, பல்கலைக்கழக வளாகத்து வாகை மரத்தடியில் முழங்காலில் நின்று ஒரு கருங்கல்லுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

“பொட்ட இன்னும் பெரிசா வை கா. அம்மன் எண்டா தூரத்தில இருந்தே தெரியோணும்,” என்றாள் சின்னத்தங்கம். விடுதியில் பீற்றிஸோடு ஒரே அறையில் இருப்பவள். சொந்த ஊர் அம்மன் கோயிலுக்குப் பேர்போன ஆரையம்பதி. அம்மன் விசயத்தில் அவள் சொன்னதுதான் சட்டம்.

“இது பாவமில்லையா கா?”

“கொக்குக் குஞ்செல்லாம் நிலத்தில விழுந்து சாகிறதுதான் பாவம். கெதியாப் பூசு, மரம் வெட்ட ஆள் வந்திரும்.”

பீற்றிஸ் வளாகத்துச் சுற்றாடல் கழகத்தின் தலைவி. அந்த வாகை நிறையக் கொக்குக் கூடுகள். தாய்க் கொக்குகள் வாவியில் மீன் பொறுக்கி வந்து ஊட்ட, குஞ்சுகள் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். அந்த மரத்தை வெட்டிவிட்டு அங்கே ஜெனரேற்றர் கொட்டில் போடுவதாக நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. சண்டைக் காலம், கரண்ட் வருகிற நாளை விட வராத நாள்தான் அதிகம். அதனால் எதிர்த்துப் பேச ஒருவரும் முன்வரவில்லை.

பீற்றிஸ் மட்டும் பதிவாளர் நல்லரத்தினத்திடம் போய் மன்றாடிப் பார்த்தாள். “கொக்குக்கு நல்ல நீளக் கால்தானே பிள்ள, நடந்து வேற மரத்துக்குப் போகட்டும்,” என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார். அன்றிரவு அவள் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்துத்தான் சின்னத்தங்கத்துக்கு இந்த யோசனை வந்தது.

கல்லுக்கு மஞ்சள் துணி சுற்றி, வேப்பங்குழையும் சாத்திவிட்டு, இருவரும் நூலகச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

கதிர்காமத்தம்பி கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு, பீடியும் வாயுமாக வந்தார். மரத்தடியைப் பார்த்ததும் பீடி ஒரு பக்கம் விழுந்தது, கோடாலி ஒரு பக்கம் விழுந்தது.

“தாயே!” என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழும்பி, தோளிலிருந்த துவாயால் கல்லின் உச்சியைத் துடைத்தார். அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

“பக்தியப் பாத்தியா?” என்று சின்னத்தங்கம் கிசுகிசுத்தாள். பீற்றிஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள்.

செய்தி கேட்டுப் பதிவாளர் வேகமாக வந்தார்.

“ஆர் இந்தக் கல்லக் கொண்டு வந்து வெச்ச?”

“கல்லெண்டு சொல்லாதீங்க சேர்! தாய் தானா வந்து இரிக்கிறா. நான் கோடாலி வைக்கமாட்டன். எனக்கும் பிள்ளகுட்டி இரிக்கி.”

போன மாதம்தான் பதிவாளருடைய வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் அம்மாள் வருத்தம் வந்து, உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு ஆறியிருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கொட்டிலக் கன்ரீனுக்குப் பின்னால போடுவம். இந்தப் பக்கம் ஒருத்தரும் வரப்படாது!”

சுவருக்குப் பின்னால் பீற்றிஸ் தோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மதியத்துக்குள் கதை சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் பரவிவிட்டது. பெண்கள் பூவும் பாலும் தேங்காயுமாக வரத் தொடங்கினார்கள். வாசல் சென்றிக் காவலரணில் நின்ற பொலிஸ்காரர்கள் அர்ச்சனைத் தட்டுகளைச் சோதித்துச் சோதித்தே களைத்துப் போனார்கள். பின்னேரம் பொங்கல் பானை பொங்கி வழிந்தபோது அவர்களும் வாழையிலையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

பீற்றிஸும் ஒரு கை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டாள். குஞ்சுகளுக்காகச் செய்தது, ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே குஞ்சுகளின் சத்தம் காதைப் பிளந்தது. அன்றைக்கு அதைவிட நல்ல பாட்டு அவளுக்கு வேறு இருக்கவில்லை.

அந்த நேரத்தில், கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரைக் கூட்டிக்கொண்டு கதிர்காமத்தம்பி திரும்பி வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. தோளில் தீட்டிய கோடாலி பளபளத்தது.

பீற்றிஸ் வாயெல்லாம் பல்லாக முன்னால் போனாள்.

“என்ன அண்ணன், கோடாலிக்கும் பூசையா?”

“இல்ல மகள். அம்மன் வெயில் மழையில இரிக்கிறா, கோயில் கட்டப்போறம். இப்பதான் கட்டாடியார் அம்மன் உருவேறி வாக்குச் சொன்னவர்.”

“நல்ல விசயம் அண்ணன்! அம்மன் என்ன சொன்னவ?”

கதிர்காமத்தம்பி மடித்துக் கட்டிய வேட்டியை இறுக்கிக்கொண்டு, உள்ளங்கையில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார்.

“தலையில கொக்கு எச்சம் போடுதாம் மகள், மரத்த உடன வெட்டச் சொல்லி அம்மனே உத்தரவு தந்திட்டா!”