எங்கயாவது போடு லா

"முடிஞ்சுதா ஜெயமாலா?"

மேனேஜர் ஷபீர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி அவள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாயங்காலம் அம்பாங்கில் அவர் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அத்தா இல்லாத வீட்டில் அவர்தான் பெரியவர்.

"பொறுங்க பாஸ்." கிள்ளானில் இருக்கும் சர்வர்கள் அத்தனையையும் பங்சார் ஆபீஸிலிருந்து இயக்கும் கன்சோல் அவள் முன்னால் திறந்திருந்தது. "இதோட யூசர், பாஸ்வேர்டு எல்லாத்தையும் தனி டேட்டாபேஸுக்கு மாத்தணும். அந்த டேட்டாபேஸை எந்த சர்வர்ல போட?"

"எங்கயாவது போடு லா! என்னைக் கேக்காதே."

போட்டாள். வேலை செய்தது.

ஷபீர் தன் கம்ப்யூட்டருக்கு ஓடினார். வெள்ளிக்கிழமை கிளம்பும்முன், வேலையில்லாத சர்வர்களை அணைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அணைத்தார். அடுத்த நொடியே கன்சோல் அவரை வெளியே தள்ளியது.

"பாஸ்வேர்டு தப்புங்குது!"

"தப்பில்ல பாஸ். பாஸ்வேர்டு இருந்த சர்வரைத்தான் அணைச்சிட்டீங்க. சும்மா கிடக்குதேன்னு அதுலதான் போட்டேன்."

"அப்ப ஆன் பண்ணு!"

"அதுக்குக் கன்சோலுக்குள்ள போகணும். போக பாஸ்வேர்டு வேணும்."

ஷபீர் மணியைப் பார்த்தார். வெளியே, கிள்ளான் போகும் ஃபெடரல் ஹைவேயில் நெரிசல் தொடங்கியிருந்தது.

"இப்ப என்ன பண்றது?"

"யாராவது இன்னிக்கே கிள்ளானுக்குப் போய் கையால பட்டனை அமுக்கணும். இல்லன்னா ஒரு சர்வரையும் தொட முடியாது."

"சரி, யாரையாவது அனுப்பு! சர்வர் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

ஜெயமாலா அவர் விரலையே பார்த்தாள்.

சுழன்றுகொண்டிருந்த சாவிக்கொத்து நின்றது.