ஏற்காடு போகும் வண்டி

கணவனின் ஸ்போர்ட்ஸ் காரை வசுமதிதான் கொண்டுவந்திருந்தாள். மெக்கானிக் தனராஜ் ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றித் துணியில் வைத்தார். ஆறும் கன்னங்கரேலென்று இருந்தன. “சார் எப்படிம்மா ஓட்டுவாரு?” “வேகமாத்தான். ஞாயித்துக்கிழமையானா ஏற்காடு போய்ட்டு வருவாரு.” வேகமாக ஓடும் வண்டியில் இவ்வளவு கரி பிடிக்காது. தனராஜ் தயங்கினார். “எங்கயோ நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுட்டு சும்மா உக்காந்திருக்காரும்மா. அதுக்குத் தகுந்த பிளக் போடட்டுமா?” வசுமதி ஒரு பிளக்கை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கரி போகவில்லை. அதைக் கீழே வைத்தாள். “வேகமா ஓட்டுறவங்களுக்குப் போடுறதையே போடுங்க.” “மறுபடியும் கரி பிடிக்கும்மா.” “பிடிக்கட்டும். அவரு ஏற்காடு போய்ட்டு வர்றதாவே இருக்கட்டும். அவருக்குத் தெரியாம நானே சுத்தம் பண்ணக் கொண்டுவர்றேன்.”