பத்தாவது சக்கரம்

பொம்மை ராணுவ டாங்கின் பத்தாவது சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இருமல் மருந்துப் புட்டியின் மூடியை வைத்துப் பார்த்தார் ஜெயராம். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

அடடா, கொஞ்சம் பச்சைப் பெயிண்ட் அடித்தால் பெற்ற தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது.

வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். மிச்சம் இருந்தது சாப்பாட்டு மேஜையும், அதன்மேல் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற, முழங்கை நீளம்கூட இல்லாத அந்த ரஷ்ய டாங்கும்தான். கட்டடத்தை இடித்துவிட்டு இருபது மாடி எழுப்பப் போகிறார்களாம். மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குச் சாமான் ஏற்ற நாளைக் காலை டெம்போ வருகிறது.

செம்பூர் வாடகை வீட்டில் சாமிக்கே இடம் போதாது. அரைகுறை டாங்குக்கு எங்கே போவது? டாங்கை முடித்துவிட்டால் மடியில் வைத்துக் கொண்டுபோவேன், முடிக்காவிட்டால் பங்கார்வாலாவின் பழைய சாமான் மூட்டையில் போட்டுவிடுவேன் என்று கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் அவரே எழுதிவிட்டார். இரண்டாம் மாடி கேஷவ் பதிலுக்குப் பன்னிரண்டு சிரிப்பு மூஞ்சி அனுப்பினான்.

சிரிக்காமல் என்ன செய்வான்? ஜெயராம் தொட்ட எதுவும் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. தபாலில் சட்டம் படித்தார், இரண்டாம் வருஷத்தோடு சரி. வயலின் கற்றுக்கொண்டார், வர்ணத்தை எட்டவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பாதி பெயிண்ட் அடித்தார், இப்போது அந்தப் பாதியும் உரிந்துவிட்டது.

ஒன்றையாவது, ஒரே ஒன்றையாவது முடித்துவிட்டு இந்த வீட்டைவிட்டு இறங்க வேண்டும். மானப் பிரச்சினை.

உள்ளபடி சொன்னால், டாங்க் விஷயத்தில் மட்டும் அவர்மேல் குற்றமில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு மாதம் லீவு என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, முன்பே வாங்கி வைத்திருந்த டாங்கின் பெட்டியைத் திறந்தால், ஒரு சக்கரத்தைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில் தேடினார். சாக்கடைக் குழாயைக் கழற்றித் தேடினார். காக்காயைச் சந்தேகப்பட்டார். ஜப்பான் கம்பெனிக்கே கடிதம் போட்டார். அந்த மாடல் நின்று எட்டு வருஷம் ஆகிறது என்று பணிவாகப் பதில் வந்தது. வேறு எதையாவது வெட்டி ஒட்டினால் அது ஏமாற்று என்று இத்தனை நாள் பிடிவாதமாக இருந்தார். இன்று பிடிவாதத்துக்கு நேரமில்லை.

"ருக்கு, இங்க வா! இன்னிக்கு முடிச்சுக் காட்டறேன் பாரு!"

குத்துவிளக்கைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த ருக்கு எழுந்து வந்தாள். டாங்கைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். மறு நொடி அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, ஜன்னல் கம்பி வழியே வீசி எறிந்துவிட்டாள்.

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு ஸ்பூனைக்கூட வீசியதில்லை.

"வேண்டாம்னா! அந்த டாங்கை முடிக்காம எமன் வந்து கூப்பிட்டாலும் போக மாட்டேன்னு டாக்டர்ட்ட சொன்னேளே! அன்னிக்கே ஆத்துக்கு வந்து ஒண்ணை எடுத்து குருவாயூரப்பனுக்கு முடிஞ்சு வெச்சுட்டேன்."

சாமி படங்கள் இருந்த பெட்டிக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

உள்ளே ஒரு ரூபாய்க் காசு. கூடவே சக்கரம். இருபத்திரண்டு வருஷத்து மஞ்சள் ஏறியிருந்ததே தவிர, ஒரு கீறல் இல்லை.

அவள் முடிந்து வைத்ததால்தான் அவரால் முடிக்க முடியவில்லை.

டாக்டரிடம் சொன்னது வேடிக்கைக்கு. மூக்கில் குழாயோடு சொன்னார், டாக்டரும் சிரித்தார். பக்கத்தில் நின்றவள் சிரித்தாளா என்று அன்றைக்கு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. என்னைக் காப்பாற்றியது ஆபரேஷன், தினம் முழுங்குகிற மாத்திரை! இந்தப் பிளாஸ்டிக் துண்டுக்காகவா ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தது? ஜெயராம் என்றால் யார்? மனைவி எதிரில் வேண்டுமென்றே ராகுகாலத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு ஆபீஸ் கிளம்பிய மனுஷன்.

"சரி, ஒட்டுங்கோ. நான் ஒண்ணும் சொல்லலை" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ருக்கு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

அப்படி வா வழிக்கு. பசைக் குழாயைத் திருகி, சக்கரத்தின் நடுவில் தாராளமாகப் பிதுக்கினார். இரண்டு விரலால் பிடித்து டாங்குக்கு அருகே கொண்டுபோனார். அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

நெஞ்சில் லேசாக ஏதோ பிடித்தது.

வாயுதான். காலையில் தின்ற உருளைக்கிழங்கு போண்டா. அதில் சந்தேகமே இல்லை.

இருந்தாலும் கை அங்கேயே நின்றது. சுவரைப் பார்த்து நிற்கிறவளின் முதுகு மூச்சே விடாததுபோல இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது ஜெயராம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கேஷவ் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

"இந்தப் பசை காஞ்சு போயிடுத்து ருக்கு. செம்பூர் போய் வேற வாங்கிப் பாத்துக்கலாம்."

ருக்கு திரும்பினாள். மஞ்சள் துணியை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

சக்கரத்தை அதில் போட முடியாமல் விழித்துக்கொண்டு நின்றார் ஜெயராம். அது அவருடைய கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.