முதல் விலை

"நம்பிக்கைக்கு விலை வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாயாம்! ஆடித் தள்ளுபடி உண்டான்னாவது கேட்டீங்களா?"

துர்காதேவி கேட்டது புருஷன் தினகரனை. கை மட்டும், சேலை எடுக்க வந்து எதிரே உட்கார்ந்திருந்த எஸ்தருக்கு ஒரு சந்தன நிறப் பட்டுச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

தினகரனோ தறியில் நாடா ஓடுவதைப் போலக் கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தான். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கிண்டல் பண்ற நேரமா இது? மெசேஜ் வந்திருக்குது. அஞ்சு மணிக்குள்ள லாகின் பண்ணலேன்னா நம்ம ஆன்லைன் கடையை மூடிடுவாங்களாம். ஆவணி முகூர்த்த ஆர்டர், சிங்கப்பூர் ஆர்டர் எல்லாம் அதுலதான் கிடக்குது."

"அதான் சம்பளம் கொடுத்து மேனேஜர் வெச்சிருக்கீங்களே. அவனைப் பண்ணச் சொல்லுங்க."

அவள் சொன்ன மேனேஜர் ஆள் இல்லை, பாஸ்வேர்ட் மேனேஜர். முன்பெல்லாம் பேங்க், ஜிஎஸ்டி, கரண்ட் பில் என்று அத்தனைக்கும் துர்காதேவி வைத்திருந்தது ஒரே பாஸ்வேர்ட்: மகள் பெயரும் அவள் பிறந்த வருஷமும். பக்கத்துக் கடைப் பூனைக்குக்கூடத் தெரியும். தினகரன்தான் சண்டை போட்டு, அந்த ஆயிரத்து இருநூறு ரூபாய் சந்தாவைக் கட்டி இதைக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றுக்கும் சிக்கு விழுந்த ஜரிகை மாதிரி இருபது எழுத்தில் ஒரு பாஸ்வேர்டை இதுவே உண்டாக்கும், இதுவே ஞாபகம் வைக்கும், லாகின் பக்கம் திறந்ததும் இதுவே நிரப்பும். இத்தனை மாதத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. இன்றைக்குப் பார்த்து அசையவே மாட்டேன் என்றது. மெசேஜில் வந்த லிங்க்கைத் தொட்டால் பக்கம் திறக்கிறது, ஆனால் கட்டம் காலியாகவே நிற்கிறது.

"இருபத்தெட்டாயிரமா!" எஸ்தர் சேலையைத் தள்ளி வைத்தாள். "பொண்ணு கல்யாணம்னு செவிலிமேட்டுலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கேன். இப்படிக் கூசாம சொல்றியேம்மா. பதினெட்டு."

"பதினெட்டுக்கு பார்டரை மட்டும் கிழிச்சுத் தரேன், எடுத்துக்கினு போங்கக்கா."

போன் அடித்தது. தினகரன் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சேவை மையத்துலேர்ந்து பேசறோம் சார். இன்னும் லாகின் பண்ணலியே?"

"பண்ணிக்கினேதான் சார் இருக்கேன். பாஸ்வேர்ட் தானா விழ மாட்டேங்குது!"

"அதெல்லாம் இந்தப் பக்கத்துல வேலை செய்யாது சார். நீங்களே பார்த்து டைப் பண்ணிடுங்க. பத்து நிமிஷம்தான் இருக்குது."

"இங்க குடுங்க." துர்காதேவி போனைப் பிடுங்கினாள். "ஏன் தம்பி, அஞ்சுங்கிறதை ஆறு ஆக்கக் கூடாதா? கடையில ஆளு இருக்குதுப்பா."

"சரி மேடம், உங்களுக்காக ஆறு மணி."

தினகரனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"பாரு, முகம் தெரியாத புள்ளை. அதுக்கு இருக்கிற இரக்கம் உனக்கு இல்லியே!" என்றாள் எஸ்தர். "சரி, பத்தொன்பது."

துர்காதேவி கையிலிருந்த போனில் காலியாக நின்ற கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு," என்றாள் எஸ்தரிடம். புருஷன் பக்கம் திரும்பி, "உங்க மேனேஜர் ஏன் ஊமையாட்டம் நிக்கிறான்?"

"தண்டச் சம்பளம்! நாளைக்கே தூக்கிப் போட்டுடறேன், போதுமா? முதல்ல இதை அடி, தாயே." லேப்டாப்பில் பாஸ்வேர்டைத் திறந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தான். "பெரிய கே, சின்ன ஆர், ஏழு, ஆச்சரியக்குறி..."

"கத்தாதீங்க, ஏனாத்தூர் வரைக்கும் கேட்கும். இப்படித் திருப்புங்க, நானே பார்த்து அடிக்கிறேன்."

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். அவள் திரையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், ஒரு விரலால் டக் டக்கென்று தட்டினாள். தினகரன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

போனில் பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. 'லாகின் வெற்றி. நல்வரவு!'

"அப்பாடா!" தினகரன் சேலைக் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சூப்பர் மேடம்," என்றது போன். "இப்ப ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லிடுங்க."

துர்காதேவி போனை அணைத்துக் கல்லாவுக்குள் போட்டாள்.

"ஏய்! இன்னா பண்ணினே?" தினகரன் துள்ளி எழுந்தான். "கடையே போயிடும்டி!"

அவள் எஸ்தர் பக்கம் திரும்பினாள். "அக்கா, இருபத்திரண்டு. இதுக்குக் கீழ நூல் அளவும் இறங்க மாட்டேன்."

எஸ்தர் சேலையைத் தடவினாள், பெருமூச்சு விட்டாள், பையைத் திறந்தாள். "கட்டிக் குடு."

"துர்கா! அந்த ஆளு லைன்ல இருந்தான். பாஸ்வேர்டுகூடச் சரியா விழுந்துச்சு..."

"எங்க விழுந்துச்சு? உங்க இருபது எழுத்தை யாரு அடிச்சா? அக்காகிட்ட முதல்ல சொன்னேனே இருபத்தெட்டாயிரம், அதைத்தான் அடிச்சேன். அக்கா கடைசி வரைக்கும் ஒத்துக்காத விலைக்கு, அவன் ஒரே தட்டுல நல்வரவுன்னுட்டான். முதல் விலைக்கே தலையாட்டுறவன் எங்கியாவது யாவாரம் பண்ண வந்தவனா?"

சேலையை அட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"கணக்கு எழுதுங்க. சேலை வரவு இருபத்திரண்டாயிரம். அட்ரஸ் அசல் இல்லேன்னு வாயைத் திறக்காம நின்ன மேனேஜருக்குச் சம்பளம் ஆயிரத்து இருநூறு, பைசா குறைக்க வேணாம். தண்டச் சம்பளம்னு சொன்னதுக்கு ஒரு மன்னிப்பு, அது உங்க பாக்கி."