ஐந்தாம் பாகத்து இசை

அன்று காலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நாலு பேர். அபுதாபியிலிருந்து முந்தின நாள் வந்து இறங்கிய இளஞ்செழியன். அவன் அக்கா ஷோபனா. அக்கா புருஷன் ராஜராஜன், மன்னார்குடிப் பக்கம் நெல் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். ப்ளஸ் டூ படிக்கும் அவர்கள் மகள் பூர்ணிமா.

நாலு பேருக்கும் சேர்த்து மீசை ஒன்றுதான். அது இளஞ்செழியனுடையது.

"என்ன அத்தான், இப்படி வழிச்சிட்டு உக்காந்திருக்கீங்க? ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிக்கும்னு சவால் விடுவீங்களே! எந்தப் பந்தயத்துல தோத்தீங்க?"

"வெயிலுக்கு அரிச்சுது மாப்ள."

"ஊரே கிண்டல் பண்ணி ஓய்ஞ்சிடுச்சு, நீ வேற ஆரம்பிக்காத" என்று காபியை வைத்துவிட்டு ஷோபனா உள்ளே போனாள்.

இளஞ்செழியன் பெட்டியைப் பிரித்து அந்த ஹெட்போனை எடுத்தான். அக்கா மகளுக்காகக் கடை கடையாக ஏறி வாங்கியது.

ஒரு மாலுமியும் அவன் தங்கையும் ஊர் ஊராய்ச் சுற்றும் இங்கிலீஷ் சாகசப் படம். நாலு பாகம் வந்திருந்தது. அதன் பின்னணி இசை என்றால் பூர்ணிமாவுக்கு உயிர். எந்தப் பாகத்து இசை உசத்தி என்று மாமாவுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளுவாள். கொஞ்ச காலமாக எல்லாம் எழுத்தில்தான் வந்தது. படிப்பு ஜாஸ்தி போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டான். "நான் போடுறேன். எந்தப் பாகம்னு நீ சொல்லணும்."

"என்ன மாமா?" என்றாள் சத்தமாக.

ராஜராஜன் எழுந்து வந்து இளஞ்செழியனுக்குப் பின்னால், மகளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டார். "எந்தப் பாகம்னு நீ சொல்லணுமாம்."

இளஞ்செழியன் அவளுக்குத் தெரியாமல் போனைத் திருப்பிப் பிடித்து அழுத்தினான்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த ராஜராஜன், "ரெண்டாவது பாகம். அந்தக் காட்டுப் படம்" என்றார்.

"அத்தான்! அவ சொல்லட்டும்."

"ரெண்டாவதேதான் மாமா! வெறும் ட்ரம்ஸ். வயலினே கிடையாது. நம்மள யாரோ துரத்துற மாதிரி இருக்கும். ஆனா மூணாவதுகிட்ட நிக்காது."

அடுத்ததைப் போட்டான்.

"இது மூணாவது. பனிமலை. கும்பலா இழுப்பானுங்களே, அது" என்றார் மறுபடியும்.

"கும்பலா இல்லப்பா, கோரஸ்!" மகள் சண்டைக்கு வந்தாள். "அந்த இடத்துல வசனமே இருக்காது. மலை இடிஞ்சு விழும், சத்தம் வராது. இவங்க குரல் மட்டும்தான் வரும்."

"என் மெஷின் பெல்ட்டு தேய்ஞ்சா இதைவிட நல்லா பாடும்."

அவள் சிரித்தாள். இளஞ்செழியனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெத்த பெண்ணின் ஆசையைக் கெடுக்காமல் இருக்கத் தெரியாதா இந்த மனுஷனுக்கு? போன வாரம் போனிலும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை ஐந்தாம் பாகம் வருகிறது, தஞ்சாவூருக்குக் கூட்டிப் போகலாம் என்றதற்கு, "வேண்டாம் மாப்ள" என்று ஒரே வெட்டு.

"அஞ்சாவதுல என்னம்மா இருக்கும்?" என்று அவளைக் கேட்டான்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அதையே திருப்பிக் கேட்டார்.

"முடிவு இருக்கும் மாமா. நாலு பாகத்துலயும் மியூசிக் டைரக்டர் அந்த மெயின் ட்யூனை முடிக்காமலே விட்டிருக்கார். ஏறி ஏறி வந்து, கடைசி ஒரு ஸ்வரத்துக்கு முன்னால நிறுத்திடுவார். அது வீடு வந்து சேர்ற ஸ்வரம். அஞ்சாவதுலதான் அதைப் போடுவார்." பாடியும் காட்டினாள். அது நின்ற இடத்தில் இளஞ்செழியனுக்கும் மூச்சு நின்றது.

"சரி, கடைசி. இதையாவது அவளைச் சொல்ல விடுங்க அத்தான்." போனில் நாலாம் பாகத்தை எடுத்தான். அதன் படம் திரையில் வந்தது.

"நாலாவது. பாலைவனம். பஸ் ஹார்ன் மாதிரி ஊதுவானே" என்றார் ராஜராஜன்.

"பஸ் ஹார்ன் இல்லப்பா, பிரெஞ்ச் ஹார்ன்! எப்படி எழும்புது பாருங்க மாமா! இதோ... இப்ப!" பூர்ணிமா கையை உயர்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

இளஞ்செழியன் போனைப் பார்த்தான்.

அவன் இன்னும் அழுத்தவே இல்லை.

நிமிர்ந்தபோது ராஜராஜன் வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார். அவனும் பின்னாலேயே போனான். வாசலில் நின்ற அறுப்பு மெஷின் மறைவில் இருவரும் நின்றார்கள்.

"எப்பலேர்ந்து அத்தான்?"

"போன வருஷம் தை அறுப்புலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. ஆடியோட காது முழுசா போயிடுச்சு. பார்க்காத டாக்டர் இல்ல. ஆபரேஷன் பண்ணி கருவி வெச்சா பேச்சு ஓரளவு புரியலாமாம். இந்த இசையெல்லாம் பழையபடி வராதுன்னுட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் நினைச்சேன். அதுக்குள்ள நீ ஹெட்போன் வாங்கிட்டேன்னு மெசேஜ் போட்டுட்ட. இப்ப சொன்னா மாமா உடைஞ்சு போயிடுவாங்கப்பா, எப்படியாவது சமாளிச்சிடலாம்னு அவ ஒரே அழுகை. எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவா."

மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"மீசை இருந்தா நான் பேசறது அவளுக்குத் தெரியல மாப்ள."

இளஞ்செழியனின் கை தானாகத் தன் மீசைக்குப் போயிற்று.

உள்ளே பூர்ணிமா ஹெட்போனைக் கழற்றாமல் அந்த ட்யூனை முனகிக்கொண்டிருந்தாள். ஏறி ஏறி வந்து, வழக்கமான இடத்தில் நின்றது.

பாக்கி ஒரு ஸ்வரம்.