முப்பத்தோரு கிலோ

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் மாளவிகாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. போன தடவை ஆறரையில் இருந்த சவுரிமுத்துவின் மூன்று மாதச் சர்க்கரை அளவு, இப்போது ஒன்பதரை.

"வெயிட்டோட மூணு மாடி ஏறி இறங்குறேன்னு சொன்னீங்களே, விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன் டாக்டரம்மா."

"சேலையூர்ல என்கிட்ட வர்ற அத்தனை பேருக்கும் உங்களைத்தான் உதாரணம் காட்டினேன்! தசைக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு கண்ணுக்குத் தெரியாத அடுப்புங்க இருக்கு. தசைக்கு வேலை கொடுத்தாத்தான் அது நல்லா எரியும். இல்லேன்னா இன்சுலின் இருந்தும் சர்க்கரை ரத்தத்துலயே தேங்கிடும்."

சவுரிமுத்து தலையாட்டினார்.

"எவ்வளவு வெயிட் தூக்கினீங்க?"

"மொதல்ல நாப்பத்தஞ்சு கிலோ. கடசீல முப்பத்தொண்ணு."

"ஏன் குறைச்சீங்க? போகப் போகக் கூட்டணும் சார்!"

"நான் எங்க கொறைச்சேன்? அதுவா கொறைஞ்சிகினே போச்சு."

மாளவிகா காதில் வாங்காமல் சீட்டில் எழுதினாள்: 'தினமும் மாடிப்படி, வெயிட்டுடன்.'

"எங்க வூட்ல லிப்ட் கெடையாது. என் சம்சாரத்துக்கு முதுகெலும்புல கேன்சரு, நடக்க முடியாது. ஆனா காலைலயும் சாயங்காலமும் கீழ உக்காந்து ரயிலப் பாக்கணும்னு சொல்லுவா. ரெண்டு கையால தூக்கினு எறங்குவேன், தூக்கினு ஏறுவேன். ஈஸ்டர் முடிஞ்சு மூணாம் நாளு போய்ட்டா."

பேனா நின்றது. 'வெயிட்டுடன்' என்ற சொல்லை மட்டும் மாளவிகா மெதுவாக அடித்தாள்.

சவுரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இனிமே வெறுங்கையோடவா ஏறணும், டாக்டரம்மா?"