பதினான்காம் வரிசையில் ஒரு வாய்

சனிக்கிழமை மதியம் ஒரு மணி. ஐந்து ஆட்டம், ஐந்து தோல்வி. ஆறாவதையும் பார்த்துவிடலாம் என்று ஓரின் டெக்கர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஓரின் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் கல்லூரி அணிக்கு, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு, ரசிகர் சங்கத் தலைவர். பதினான்காம் வரிசை ஓர இருக்கை முப்பது வருடமாக அவருடையது.

இந்த வருடம் வந்த புதுக் கோச் ஹேக்பெர்கை வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் தீர்மானத்தை நவம்பர் கூட்டத்தில் அவர்தான் கொண்டுவருவதாக ஏற்பாடு. அவர் கை தூக்கினால் மற்ற கைகள் தானாக உயரும். சங்கம் சொன்னால் கல்லூரி கேட்கும்.

அன்று பக்கத்து இருக்கையில் புதிதாக ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆட்டம் தொடங்கியதும் அவளும் தொடங்கிவிட்டாள்.

"ஏன் கோச், ஒரு கஜம்தானே பாக்கி? பந்தை உதைச்சுத் தள்ளாம ஓடச் சொல்லுங்களேன். பயமா இருக்கா?"

பத்து கஜம் முன்னேற நாலு முயற்சி, மூன்று போய்விட்டது. ஓரின் சொல்ல வாயெடுத்ததும் அதையேதான். ஆனால் தன் வரிசையில் இன்னொருத்தி முந்திக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம எல்லைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு யாராவது அந்த வேலை செய்வாங்களாம்மா? தவறினா பந்து அவங்க கைக்குப் போயிடும். உதைச்சுத் தள்றதுதான் சரி."

சொன்ன பிறகுதான், தான் யாருக்காகப் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அப்ப பந்தை வீசற அந்தக் குவார்ட்டர்பேக்? மீசைகூட முளைக்கல. அவனைப் போய் நிறுத்தியிருக்காரே."

"பெரியவனுக்கு முட்டி போயிடுச்சு. இவன் முதல் வருஷம் படிக்கிறவன். மூணு தடியனுங்க மேல வந்து விழறப்போ பந்து எங்க போகும்? எங்கயாவதுதான் போகும்."

"பயிற்சி போதாதுன்னு சொல்லுங்க."

"விடியறதுக்கு முன்னாடி மைதானத்துல நிக்கிறார் மனுஷன். எங்க தெரு வழியாத்தான் போறார். ஒண்டிக்கட்டையா வந்து கிடக்கிறார், பாவம்."

"அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள் அவள்.

அன்றும் தோல்விதான். இருபத்தெட்டுக்கு மூன்று.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு அவள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய பிளாஸ்க்கில் பீன்ஸும் கறியும் போட்ட சில்லி, தொட்டுக்கொள்ளப் பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டி. ஓரினுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள்.

"இந்தக் கோச்சுக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னாவது தெரியுமா?"

"தெரிஞ்சுதானேம்மா டாஸ் ஜெயிச்சும் பந்தைக் கேக்காம அந்தப் பக்கம் கேட்டார். கடைசிக் கால்மணி நேரம் காத்து நம்ம முதுகுல இருக்கும். பொறுத்துப் பாருங்க."

பின்வரிசையிலிருந்து அவர் நண்பர் விர்ஜில் குனிந்தார். "ஏண்டா ஓரின், கோச்சு உனக்கு வக்கீல் ஃபீஸ் குடுக்கிறாரா?"

"உண்மையைச் சொன்னேன்."

"போன மாசம் வேற உண்மை சொன்னியே."

ஆனால் அரைமணி நேரத்தில் விர்ஜிலும் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடைவேளைக்குள் வரிசையே இரண்டுபட்டது. ஒரு பக்கம் அவள். மறுபக்கம் மற்ற எல்லோரும்.

"இந்தம்மா வாய மூடினாப் போதும்" என்றார் விர்ஜில். "கோச்சு பத்து வருஷம் இருந்துட்டுப் போகட்டும்."

ஓரினுக்கே ஒருநாள் தாங்கவில்லை. "எங்கிருந்தும்மா வர்றீங்க?"

"டி மோய்ன்லருந்து. கார்ல ரெண்டு மணி நேரம்."

"இவ்வளவு தூரம் வந்து அந்த மனுஷனைத் திட்டணுமா?"

"வீட்லயே திட்டினா இத்தனை பேர் கேக்க மாட்டாங்களே."

நல்ல சில்லி போடுகிற கைக்கு இப்படி ஒரு நாக்கு எப்படி வாய்த்தது என்று ஓரின் யோசித்தார்.

கடைசி ஆட்டம். எதிரணியும் நம்மைப் போலவே நொந்த அணி. பத்துக்கு ஏழு என்று நம் பையன்கள் ஜெயித்தார்கள். மீசை முளைக்காதவன்தான் கடைசிப் பந்தை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். பதினான்காம் வரிசை எழுந்து குதித்தது. ஓரினும் விர்ஜிலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அவள் மட்டும் எழவில்லை. "குருட்டு அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டு, குல்லாயைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பத்து ஆட்டத்தில் ஒரு வெற்றி. நவம்பர் கூட்டத்தில் ஓரின் எழுந்தார். எல்லோரும் கை தூக்கத் தயாராக இருந்தார்கள். அவர் காற்றைப் பற்றிப் பேசினார். முட்டியைப் பற்றிப் பேசினார். விடியலுக்கு முன் தெருவில் கேட்கும் காலடியைப் பற்றியும் பேசினார். தீர்மானத்தை மட்டும் கொண்டுவரவில்லை.

"ஒத்தை வெற்றிக்கு இவ்வளவு பேச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆட்டம் தெரிஞ்சவங்க பேசணும்" என்றார் ஓரின். "எங்க வரிசையில ஒருத்தி இருக்கா. அவள மாதிரி பேசக் கூடாது."

விர்ஜில்தான் முதலில் கை தட்டினார். கோச் இருக்கட்டும் என்று சங்கம் சொல்ல, கல்லூரி ஹேக்பெர்குக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுத்தது.

டிசம்பர் 3, ஞாயிறு மாலை, கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்த அணியின் விருந்தில், டி மோய்ன் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கே வந்துவிட்ட தன் மனைவியைக் கோச் ஹேக்பெர்க் மேடையில் அறிமுகப்படுத்தினார். அவள் கீழே இறங்கி, வழக்கம்போல ஓரின் டெக்கருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.